அறியப்படாத ஒரு வண்டுக் குடும்பம்

மட்டக்களப்பு வாவியின் பெயரைக் கேட்டவுடன் பாடும் மீன்களின் நினைவே எவருக்கும் எழும். நிலவு வீசும் இரவிலே, கல்லடிப் பாலத்தை அண்டித் தோணியை நிறுத்தி, துடுப்பை நீரில் ஊன்றி, அதன் மறுமுனையிற் காதை வைத்துக் கேட்டால் மெல்லிய இசையொன்று கேட்கும் என்பது அவ்வூரார் வழிவழியாகக் கூறிவரும் செய்தியாகும். 1848இல் மட்டக்களப்புக்கு வந்த எமேர்சன் தெனன்ற் அவ்விசையைத் தாமே கேட்டு, இலங்கையைப் பற்றிய தமது நூலில் விரித்தெழுதினார். அன்று தொட்டு அதன் புகழ் கடல் கடந்தும் பரவிற்று.

வாவியின் இசைக்குக் கிடைத்த புகழ் மண்ணின் இசைக்குக் கிடைக்கவில்லை. வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் வயல்வெளிகளைக் கடந்து சென்றால், காடும் கழனியும் மேய்ச்சல் நிலமும் கலந்து கிடக்கும் உன்னிச்சையை அடையலாம். அங்குள்ள பெருங்குளம் நெல்வயல்களுக்கு நீர் பாய்ச்சுகிறது. மட்டக்களப்பு நகருக்குக் குடிநீரும் தருகிறது. மாட்டுப் பட்டிகளும் எருமைப் பட்டிகளும் நிறைந்த அந்நிலப்பகுதியிலே மாரி தொடங்கியதும், வீட்டுத் திண்ணை விளக்கையும் வயல்வாடி விளக்கையும் தேடி எண்ணற்ற பூச்சிகள் வந்து வீழ்கின்றன. ஈசல் வரும், தத்துவெட்டி வரும், பலவகை வண்டுகளும் வரும். காலையில் அவற்றைக் கூட்டி முற்றத்திற் கொட்டிவிடுவதே வழக்கம். கொட்டப்படும் அக்குவியலில், நெல்மணியிலும் சற்றே பெரிய, செம்பழுப்பு நிறமான, முதுகு வளைந்த சிறு வண்டுகளும் கலந்திருக்கக் கூடும். அவற்றுக்குத் தனிப் பெயர் சொல்வார் இல்லை. ‘வண்டு’ என்ற ஒரு சொல்லோடு அவற்றின் கதை முடிந்துவிடுகிறது.

அந்தச் சிறு வண்டுகள் சேர்ந்த குடும்பத்தையே விலங்கியலார் ஐபோசோரிடே என்று அழைப்பர். ‘ஐபோசு’ என்னும் கிரேக்கச் சொல் கூன் எனப் பொருள்படும். தமிழில் நிலைபெற்ற பெயர் இதற்கு இல்லாமையால், சொல்லின் பொருளைத் தழுவிக் கூன்வண்டுக் குடும்பம் என வழங்குதல் வசதியாகும். இக்குடும்பத்துக் குடம்பிகள் பல, தம் முன்கால்களை வாயின் மேற்றகட்டு விளிம்பிலே உரசி ஒலியெழுப்பும் இயல்பின. மனிதச் செவிக்கு எளிதில் எட்டாத அச்சிறு ஒலியே, பிற்காலத்தில் இவ்வண்டுகளின் உறவுமுறையை ஆராய்ந்தோருக்கு ஒரு சான்றாகவும் அமைந்தது. அந்த ஆராய்ச்சியின் வரலாறு, உயிர்களைப் பாகுபடுத்துதல் என்றால் என்ன, அதனால் விளையும் பயன் யாது என்னும் வினாக்களுக்கு நல்ல விடையாக நிற்கிறது.

உயிர்களைப் பாகுபடுத்தும் முயற்சி தமிழருக்குப் புதியதன்று. ஓரறிவு முதல் ஆறறிவு வரை, புலன்களின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டு உயிர்களை வரிசைப்படுத்திய தொல்காப்பியம், தும்பியை நண்டோடு சேர்த்து நான்கறிவுடையவற்றுள் வைத்தது. தோற்றத்தால் ஒன்றையொன்று ஒவ்வாத இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தமைக்கு, அவற்றின் உடலமைப்பை நோக்காது அறியும் திறனை நோக்கியதே காரணம். இக்கால விலங்கியலாரும் இவ்விரண்டையும் கணுக்காலிகள் என்னும் ஒரே கணத்தில் அடக்குகின்றனர். ஆயினும் அவர்கள் கைக்கொண்ட அடிப்படை வேறு. எந்த அடிப்படையிற் பிரிப்பது என்பதே பாகுபாட்டியலின் முதல் வினா. அவ்வினாவுக்கு விடை மாறும்போதெல்லாம் பாகுபாடும் மாறும்.

சுவீடன் நாட்டு இலின்னேயசு 1758இல் வெளியிட்ட தமது நூலின் பத்தாம் பதிப்பிலே, விலங்குகளுக்கெல்லாம் இரு சொற்பெயர் இடும் முறையை நிலைநிறுத்தினார். முதற்சொல் சாதியையும் இரண்டாம் சொல் இனத்தையும் குறிக்கும். இனங்கள் பல சேர்ந்து சாதியாகவும், சாதிகள் பல சேர்ந்து குடும்பமாகவும், குடும்பங்கள் சேர்ந்து வருணமாகவும், வருணங்கள் சேர்ந்து வகுப்பாகவும் அமையும் ஒழுங்கு பின்னர் முழுமை பெற்றது. வண்டுகள் யாவும் ஒரே வருணத்தைச் சேர்ந்தவை. முன்சிறை இரண்டும் தடித்துக் கடினமாகி, பறத்தற்கு உதவும் மெல்லிய பின்சிறைகளைப் பேழையின் மூடிபோல மூடிக் காத்தல் அவ்வருணத்தின் அடையாளம். இதுவரை பெயரிடப்பட்ட வண்டினங்கள் 3,50,000க்கும் மேற்பட்டன. உலகில் இத்துணை இனங்களைக் கொண்ட வேறொரு விலங்கு வருணம் இல்லை.

இப்பெருங்கூட்டத்துள், உணர்கொம்பின் நுனிக்கணுக்கள் ஏட்டுச்சுவடியின் ஏடுகள்போலத் தட்டையாக விரிந்து மூடும் அமைப்புடையவை ஒரு தனித் தொகுதியாகும். அவற்றைத் தகட்டுக்கொம்பு வண்டுகள் எனலாம். சாணத்தை உருட்டிச் செல்லும் சாணிவண்டு, தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு, மலரில் மொய்க்கும் பூவண்டு, மான்கொம்பு போன்ற தாடையுடைய வண்டு ஆகிய யாவும் இத்தொகுதியின. இதில் அடங்கிய இனங்கள் ஏறத்தாழ 35,000. இலின்னேயசின் காலத்தில் இவற்றுட் பெரும்பாலானவை ஒரே சாதிப்பெயரின் கீழ்க் கிடந்தன. புதிய நாடுகளிலிருந்து கப்பல் கப்பலாக மாதிரிகள் ஐரோப்பிய நூதனசாலைகளை வந்தடைந்தபோது, ஒரு பெயர் அத்தனையையும் தாங்கமாட்டாமையால், பிரிக்க வேண்டிய தேவை எழுந்தது.

கூன்வண்டுகளைத் தனிச் சாதியாக முதலில் வகுத்தவர் ஆங்கிலேயரான மக்கிலே என்பார். அவர் 1819இல் ஐபோசோரசு என்னும் சாதியை அமைத்தார். பின்னர், 1847இல், செருமானியரான எரிக்சன் அச்சாதியையும் அதனை ஒத்தவற்றையும் ஒரு தொகுதியாக்கினார். அவர் தகட்டுக்கொம்பு வண்டுகள் அனைத்தையும் இரண்டு பெரும்பிரிவுகளாக்கக் கண்ட வழி கருதத்தக்கது. வண்டுகள் மூக்கால் மூச்சுவிடுவன அல்ல. உடலின் பக்கங்களில் அமைந்த நுண்துளைகளால் மூச்சுவிடுவன. வயிற்றுப்பகுதியின் துளைகள் யாவும் மேற்றகட்டுக்கும் கீழ்த்தகட்டுக்கும் இடையிலுள்ள மென்றோலில் ஒளிந்திருந்தால் ஒரு பிரிவு. அவற்றுட் சில கீழ்த்தகட்டிலேயே திறந்தால் மற்றொரு பிரிவு. சாணிவண்டும் கூன்வண்டும் முதற்பிரிவின. காண்டாமிருக வண்டும் பூவண்டும் இரண்டாம் பிரிவின. நிறத்தையோ பருமனையோ கொம்பையோ நோக்காது, கண்ணுக்குப் புலப்படாத மூச்சுத்துளையை நோக்கிய இம்முறை, வெளித்தோற்றத்தை நம்பிய காலத்தில் ஒரு பெரும் முன்னேற்றமேயாகும்.

இலங்கையின் பூச்சிகளுக்குப் பெயரிடும் பணி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விரைவடைந்தது. கோப்பித் தோட்டத்துரையாயிருந்த நீற்னர் என்னும் செருமானியர் 1850களில் இங்குள்ள வண்டுகள் பலவற்றை வருணித்தார். அதே காலத்தில் இலண்டனிலிருந்த பிரான்சிசு வாக்கர், இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட பூச்சிகளுக்கு அங்கிருந்தபடியே பெயரிட்டார். பின்னர், பிரித்தானிய நூதனசாலையின் கில்பேட் அரோ, தகட்டுக்கொம்பு வண்டுகளுள் எவரும் கவனியாது விட்ட சிறு தொகுதிகளைத் தேடி ஆராய்ந்து 1909இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1912இல் அவற்றுக்கு அட்டவணையும் வகுத்தார். கூன்வண்டுகள் அக்கட்டுரையில் முக்கிய இடம் பெற்றன. அவற்றின் ஆசியச் சாதிகள் இரண்டும் ஒல்லாந்தின் லெய்டன் நகரில் மீண்டும் முழுமையாக ஆராயப்பட்டு, 1978இலும் 1983இலும் இரு நூல்கள் வெளிவந்தன.

கூன்வண்டை மற்றவற்றிலிருந்து பிரித்தறிவது எங்ஙனம்? அதற்கு மூன்று அடையாளங்களை நினைவிற் கொள்ளுதல் போதும். முதலாவது வாய். சாணிவண்டின் தலையை மேலிருந்து நோக்கினால் மண்வெட்டி போன்ற நெற்றித்தகடு தோன்றுமேயன்றி, தாடைகள் தோன்றமாட்டா. கூன்வண்டிலோ மேலுதடும் தாடைகளும் நெற்றித்தகட்டுக்கு அப்பால் நீண்டு வெளியே துருத்தி நிற்கும். இரண்டாவது உணர்கொம்பு. அதன் நுனியில் மூன்று ஏடுகள் உள. அம்மூன்றுள் அடியிலுள்ளது கிண்ணம்போற் குழிந்து, மற்ற இரண்டையும் தன்னுள் வாங்கிக்கொள்ளும். ஏனத்துள் ஏனம் அடுக்கினாற்போன்ற அமைப்பு அது. மூன்றாவது உடலின் வடிவம். முதுகு குவிந்து, செம்பழுப்பாகவோ கருமையாகவோ மினுங்கும். முன்கால்களின் புறவிளிம்பிலே மண்ணைக் கிளறுதற்கேற்ற பற்கள் உண்டு. ஒரு கைவில்லை இருந்தால் உயர்வகுப்பு மாணவர் எவரும் இவற்றைக் கண்டுகொள்ளலாம்.

இக்குடும்பத்துள் நம் நாடு உள்ளிட்ட தென்னாசியாவில் இரண்டு சாதிகள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கன. ஒன்று மேற்கூறிய ஐபோசோரசு. அதனுள் ஓரியந்தாலிசு, அதாவது ‘கீழைத்தேயத்தது’ என்னும் பெயருடைய இனம், இந்தியா, இலங்கை முதலிய நாடுகளிற் பரவியது. மற்றது பேயோக்குரசு. மங்கிய நிறமுடையது என்பது அப்பெயரின் பொருள். இது முன்னையதிலும் சற்றுப் பெரியது. ஒரு சென்றிமீற்றருக்குச் சற்றே கூடிய நீளமுடையது. அதன் எமார்சினாற்றசு என்னும் இனம் தென்னாசியாவிலிருந்து தென்கிழக்காசியாவின் தீவுகள் வரை மிகப் பரந்து காணப்படுவது. இரண்டும் இரவில் உலாவுவன, விளக்கொளிக்கு வருவன, பகலில் மண்ணுள்ளும் சருகின் கீழும் பதுங்குவன.

இவற்றின் உணவு யாது? சாணிவண்டின் உறவினவாயினும் சாணத்தை நம்பி வாழ்வன இவற்றுட் சிலவே. இறந்த விலங்கின் உடல் அழுகத் தொடங்கும் முதல் நாள்களில் அதனை நாடிவருவன பல. ஐபோசோரசு சாதியின் ஓரினம் சாணக்குவியலில் நுழைந்து, அங்குள்ள ஏனைய வண்டுகளையே பிடித்துத் தின்னுதலும் அறியப்பட்டுள்ளது. வெளியே துருத்திய தாடைகளின் பயன் இதனால் விளங்கும். சாணிவண்டின் வாய் குழம்பு போன்ற உணவை வழித்துண்ண ஏற்றது. கூன்வண்டின் வாய் கடித்து அறுக்க ஏற்றது. உறுப்பின் அமைப்பு வாழ்க்கை முறையைப் பறைசாற்றும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. அவ்வினமே 19ஆம் நூற்றாண்டில் மனிதரின் கப்பல்களோடு அத்திலாந்திக் கடலைக் கடந்து வட அமெரிக்காவிலும் குடியேறிவிட்டது. பெயரறியாத சிறு வண்டும் மனிதரைப் போலவே புலம்பெயர்கின்றது.

இனி, பாகுபாட்டியலின் சுவைமிக்க பகுதியைக் காணலாம். காட்டுச் சருகிலும் உக்கிய மரத்திலும் கறையான் புற்றின் அருகிலும் வாழும் வேறொரு வகை வண்டு உண்டு. பெரும்பாலும் சில மில்லிமீற்றரே நீளமுடைய அவ்வண்டு, தீண்டப்பட்டவுடன் தலையையும் மார்பையும் வயிற்றின் பக்கமாக மடக்கி, தட்டையான கால்களைத் தகடுகள்போல ஒன்றோடொன்று பொருத்தி, இடைவெளி சிறிதுமின்றி முழு உருண்டையாகிவிடும். அந்நிலையில் அது ஒரு கரிய விதையெனத் தோன்றுமேயன்றி உயிரெனத் தோன்றாது. எறும்பு சுற்றிச்சுற்றி வந்தாலும் கவ்வுதற்கு ஒரு விளிம்பு கிடையாது. இவற்றை உருண்டை வண்டுகள் எனலாம். இலங்கையின் காடுகளிலும் இவை உள. 1970இல் செனீவா நூதனசாலையைச் சேர்ந்த பெசுசே, லோபில் என்னும் இருவர் இலங்கைக்கு வந்து சருகுகளைச் சலித்து நுண்ணிய வண்டுகளைத் திரட்டிச் சென்றனர். பின்னர் அந்தப் பத்தாண்டிலேயே, பிரெஞ்சு அறிஞரான பாவுலியன் உருண்டை வண்டுச் சாதியொன்றுக்குப் பெசுசேயின் பெயரையே இட்டார்.

உருண்டை வண்டுகளுக்குப் பெயர் வந்த கதையும் விந்தையானது. 1819இல் மக்கிலே அவற்றின் தலைமைச் சாதிக்கு ‘அகாந்தோசீரசு’ என்று பெயரிட்டார். முள் என்னும் சொல்லும் கொம்பு என்னும் சொல்லும் சேர்ந்தது அது. ஆனால் அதற்கு ஓராண்டு முன்னரே, 1818இல், பிரெஞ்சுக்காரர் ஒருவர் வேறொரு மூட்டுப்பூச்சிச் சாதிக்கு அப்பெயரை இட்டுவிட்டார். விலங்குலகில் ஒரு சாதிப்பெயர் ஒரே சாதிக்குரியது. முந்தியதே உரிமை பெறும் என்பது விதி. ஆகவே 1842இல் வைற் என்பார், அச்சொற்கள் இரண்டையும் முன்பின்னாக மாற்றி ‘செரத்தோகாந்தசு’ என்று புதுப்பெயர் அமைத்தார். முள்ளும் கொம்பும் கொம்பும் முள்ளுமாயின. குடும்பப்பெயரும் பின்னர், 1968இல், அதற்கேற்பத் திருத்தப்பட்டது. நிலத்துக்கு உறுதி எழுதும் நொத்தாரிசும் இத்துணைக் கண்டிப்புடன் முந்திய உறுதியைத் தேடுவாரா என்பது ஐயமே.

இவ்வுருண்டை வண்டுகள் தனிக் குடும்பமா, அன்றிக் கூன்வண்டுகளின் கிளையா? நெடுங்காலம் இவை தனிக் குடும்பமாகவே எண்ணப்பட்டன. முழு உருண்டையாகும் உடலும் தட்டைக் கால்களும் கூன்வண்டில் இல்லை. கூன்வண்டின் கிண்ணக்கொம்பு இவற்றில் இல்லை. முதிர்ந்த வண்டை மட்டும் நோக்கினால் இரண்டும் வேறு என்பதே முடிபு. 1995இல் வெளிவந்த பெருமதிப்புப் பெற்ற பாகுபாட்டிலும், தகட்டுக்கொம்பு வண்டுகளின் 13 குடும்பங்களுள் இவ்விரண்டும் தனித்தனியே இடம்பெற்றன.

ஆயின் வண்டு வண்டாகவே பிறப்பதில்லை. முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, முதிர்ந்த பூச்சி என்னும் நான்கு நிலைகளை அது கடக்கிறது. முதிர்ந்த நிலையில் உருவத்தை வெகுவாக மாற்றிக்கொண்ட உயிரும், குடம்பி நிலையில் முன்னோரின் சாயலைக் காத்து வைத்திருத்தல் உண்டு. இந்தியாவின் தேராதூன் வன ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய காடினர், 1935இலேயே இந்தியத் தகட்டுக்கொம்பு வண்டுகளின் குடம்பிகளை ஆராய்ந்து வருணித்தார். அவற்றுட் பேயோக்குரசின் குடம்பியும் ஒன்று. மான்கொம்பு வண்டின் குடம்பியும் நடுக்காலையும் பின்காலையும் உரசி ஒலியெழுப்பும். கூன்வண்டின் குடம்பியோ முன்காலையும் வாயையும் கருவியாக்குகிறது. இவ்வொலிக்கருவி போன்ற நுண்ணிய அமைப்புகளே உறவை ஆராய்வோருக்கு உதவும் சான்றுகள்.

2004இல் கிறெபெனிக்கோவ், பலேரியோ, ஒக்கம்போ, சொல்ற்சு என்னும் நால்வர் சேர்ந்து, இரு குடும்பங்களின் குடம்பிகளையும் உறுப்பு உறுப்பாக ஒப்பிட்டனர். அவர்கள் கண்ட முடிபு தெளிவானது. உருண்டை வண்டுகள் கூன்வண்டுகளுக்கு அயலவை அல்ல. கூன்வண்டுகளின் மரபுக்கொடியிலேயே ஒரு கணுவிற் கிளைத்தவை. அங்ஙனமாயின், அக்கிளையை மட்டும் வெட்டியெடுத்துத் தனிக் குடும்பமாக்கிவிட்டு, எஞ்சியவற்றைக் கூன்வண்டுக் குடும்பம் என்பது பொருந்தாது. 2006இல் வெளியான ஒக்கம்போவின் விரிவான ஆராய்ச்சி, உருண்டை வண்டுகளைக் கூன்வண்டுக் குடும்பத்தின் ஐந்து துணைக்குடும்பங்களுள் ஒன்றாக அமைத்தது. இன்று பெரும்பாலார் கைக்கொள்வது அப்பாகுபாடே. இவ்விணைப்பால் 550க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்டதாயிற்று இக்குடும்பம். அவற்றுட் பெரும்பங்கு உருண்டை வண்டுகளே.

இதன் நியாயம் மட்டக்களப்பு மக்களுக்கு எளிதில் விளங்கும். அந்நாட்டிலே குடி என்பது தாய்வழியால் வருவது. கோயில் உரிமைகளும் வரிசைகளும் குடியைப் பற்றியே வகுக்கப்பட்டன. ஒரு பிள்ளை தந்தையின் முகத்தை அப்படியே உரித்துவைத்தாற்போல இருக்கலாம். நடையும் பேச்சும் தந்தையின் குடியாரைப் போலவே இருக்கலாம். ஆயினும் வயிற்றுவாரைக் கேட்ட பின்னரே அப்பிள்ளையின் குடி இன்னதெனக் கூறுவர். முகச்சாயல் குடியைத் தீர்மானிப்பதில்லை. வந்த வழியே தீர்மானிக்கிறது. ஒரு தாய் வழியில் வந்தோருள் ஒருவர் ஊரைவிட்டுச் சென்று, உடையும் தொழிலும் மாறி வாழ்ந்தாலும், குடியிலிருந்து அவரைத் தள்ளிவிடுதல் இல்லை. இக்காலப் பாகுபாட்டியலும் இந்நெறியையே பற்றுகிறது. ஒத்த தோற்றம் என்பது ஒரு துப்பு மட்டுமே. ஒரே முன்னோரிடத்திருந்து வந்தமையே உறவு. உருண்டை வண்டு உடலை மாற்றிக்கொண்டது, குடியை மாற்றிக்கொள்ளவில்லை.

இவ்வுறவின் பழைமை வியப்பூட்டுவது. சீனாவில் ஏறத்தாழ 12½ கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளில் இக்குடும்பத்து வண்டுகளின் உயிர்ச்சுவடுகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. தினோசரசுகள் உலாவிய காலத்திலேயே இவை இருந்தன. அப்பெருவிலங்குகள் அழிந்தன, இச்சிறு வண்டுகள் நிலைத்தன. ஆயினும் இவற்றுட் பெரும்பாலான இனங்களின் குடம்பி எங்கே வளர்கிறது, எதை உண்கிறது, எத்தனை நாளில் முதிர்கிறது என்பன உலகில் எவராலும் இன்னும் எழுதப்படவில்லை.

இத்துணை நுட்பமாக ஆராய்வதால் உழவனுக்கும் பட்டிக்காரனுக்கும் ஆவதென்ன என்று கேட்பார் உளர். அக்கேள்வி நியாயமானதே. அதற்கு விடையாக அவுத்திரேலியாவின் வரலாற்றை நோக்குதல் தகும். அங்கு ஐரோப்பியர் மாடுகளைக் கொண்டு சென்றனர். ஆனால் மாட்டுச் சாணத்தை மண்ணிற் புதைக்கும் வண்டுகளை உடன்கொண்டு செல்லவில்லை. அந்நாட்டு வண்டுகள் கங்காருவின் உலர்ந்த எச்சத்துக்கே பழகியவை. ஆதலால் சாணம் மேய்ச்சல் நிலத்தில் உலர்ந்து கிடந்து புல்லை மூடிற்று, ஈக்கள் பெருகின. போணமிசா என்னும் பூச்சியியலார், ஆபிரிக்கா முதலிய நாடுகளிலிருந்து ஏற்ற சாணிவண்டுகளைத் தேர்ந்து கொண்டுவரும் திட்டத்தை வகுத்தார். 1968இல் முதல் வண்டுகள் விடப்பட்டன. எது சாணத்தைப் புதைக்கும், எது புதைக்காது, எது சாணத்திலுள்ள பயன்தரும் வண்டையே தின்னும் என்று பிரித்தறியாமல் அத்திட்டம் நடந்திராது. ஒரே சாணக்குவியலுள் நுழையும் இரண்டு சிறு வண்டுகளுள் ஒன்று உழைப்பாளியாகவும் மற்றது வேட்டையாளியாகவும் இருத்தல் கூடும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது பாகுபாட்டியலேயன்றி வேறில்லை.

படுவான்கரைக்கும் இது நேரே பொருந்தும். மட்டக்களப்பின் எருமைத் தயிர் நாடறிந்தது. அத்தயிருக்கு அடிப்படை மேய்ச்சல் நிலம். அந்நிலத்தில் ஒவ்வொரு நாளும் விழும் சாணத்தையும், அவ்வப்போது இறந்துபடும் விலங்கின் உடலையும், கூலி கேளாது மண்ணோடு மண்ணாக்கும் தொழிலாளர் கூட்டத்துள் சாணிவண்டும் கூன்வண்டும் ஈக்களின் புழுக்களும் அடங்கும். 1980களிலிருந்து மாடுகளின் குடற்புழுக்களுக்குக் கொடுக்கப்பட்டுவரும் ஐவமெற்றின் போன்ற மருந்துகள் சாணத்தோடு வெளியேறி, அதில் வளரும் வண்டுகளின் குடம்பிகளையும் ஈப்புழுக்களையும் தாக்குகின்றன என்பது பல நாடுகளில் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. மருந்து வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. நோயுள்ள விலங்குக்குக் கால்நடை வைத்தியர் கூறும் அளவிற் கொடுத்தலே முறை. பட்டி முழுவதற்கும் தேவையின்றிக் கொடுத்தல், கண்ணுக்குத் தெரியாத கூலியாளரைக் கொல்லுதலாகும்.

எழுவான்கரையின் தென்னந்தோட்டங்களில் மற்றொரு தவறு நிகழ்வது எளிது. காண்டாமிருக வண்டின் குடம்பி எருக்குழியிலும் உக்கிய தென்னங்குற்றியிலும் வளர்வது. தடித்து, வெளுத்து, கைவிரல் அளவினது. அதனைத் தேடி அழித்தல் தோட்டக்காரரின் கடமை. ஆனால் வளைந்து வெளுத்த குடம்பி யாவும் அதன் குடம்பியே எனக் கொண்டு மண்முழுவதும் நஞ்சு ஊற்றுவோர் பகையோடு நட்பையும் சேர்த்து அழிக்கின்றனர். தகட்டுக்கொம்பு வண்டுகள் அனைத்தின் குடம்பிகளும் ஏறத்தாழ ஒரே வளைவுடையன. பருமனும் காலும் வாயும் நோக்கிப் பிரித்தறியக் கற்றவருக்கே பகை எது, பயன் எது என்பது புலப்படும்.

வேறொரு குறையும் உண்டு. இலங்கையின் வண்டுகளுக்குப் பெயரிட்ட முதன்மாதிரிகள் பல இலண்டனிலும் லெய்டனிலும் செனீவாவிலும் வாசிங்ரனிலும் காக்கப்படுகின்றன. 1960களின் பிற்பகுதியிலிருந்து சிமிது சோனியன் நிறுவனத்தின் குறோம்பைன் என்பார் தலைமையில் நடைபெற்ற இலங்கைப் பூச்சிகளின் ஆராய்ச்சியிற் கொழும்பு நூதனசாலையும் பங்குகொண்டது. அதன் பயனாக மாதிரிகள் பெருகின. ஆயினும் ஒரு வண்டின் வாழ்க்கையை நூதனசாலையின் ஊசியிற் காண இயலாது. அது வாழும் மண்ணிலேயே காணவேண்டும். மாரியின் முதல் மழைக்குப்பின் எத்தனை நாளில் அது விளக்குக்கு வருகிறது, எந்தச் சாணத்தை நாடுகிறது, எங்கே முட்டையிடுகிறது என்பவற்றை, ஒரு கிழமை தங்கிச் செல்லும் அறிஞரைவிட ஆண்டு முழுவதும் அங்கு வாழும் சிறுவன் நன்றாக அறியலாம்.

அதற்கு வேண்டிய கருவிகள் மிகச் சில. சுவரில் ஒரு வெள்ளைத் துணி, அதன்முன் ஒரு விளக்கு, மூடியுள்ள சில போத்தல்கள், ஒரு கைவில்லை, ஒரு குறிப்பேடு. வந்த வண்டுகளை வகைவகையாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு மட்டும் எடுத்து ஏனையவற்றை விட்டுவிடுதல் வேண்டும். பெரிய வண்டானால் வலப்பக்க முன்சிறையின் ஊடாக ஊசி குத்துதல் மரபு. கூன்வண்டு போன்ற சிறியவற்றை முக்கோணமாக வெட்டிய அட்டையின் நுனியில் ஒட்டுவர். எல்லாவற்றினும் இன்றியமையாதது சீட்டு. ஊர், நாள், எடுத்தவர் பெயர், எடுத்த இடம் விளக்கோ சாணமோ சருகோ என்னும் விவரம் ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். சீட்டில்லாத வண்டு பெயர் அழிந்த கல்வெட்டுக்கு ஒப்பு. அழகு இருக்கும், சான்று இராது. காப்புக்காடுகளில் உயிர்களைத் திரட்டுதற்கு, 1937ஆம் ஆண்டின் விலங்கு தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அனுமதி பெறவேண்டும் என்பதும் மாணவர் மறவாதிருக்க வேண்டியது. வீட்டு முற்றமும் வயல்வரம்பும் தொடக்கத்துக்குப் போதுமானவை.

1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் மட்டக்களப்புத் தமிழகத்தின் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர். அறிவியலைத் தமிழிற் சொல்ல இயலும் என்பதில் அவர்க்கிருந்த உறுதி, பின்வந்தோர்க்குச் சொற்களைத் தந்தது. குடும்பம், சாதி, இனம், குடம்பி என்னும் சொற்கள் இன்று பாடசாலை மாணவர் நாவிற் பழகிவிட்டன. சொற்கள் இருக்கின்றன, அச்சொற்களால் அழைக்கப்பட வேண்டிய உயிர்கள் இன்னும் பெயரின்றிக் கிடக்கின்றன. மண்ணிற் பிறந்து மண்ணைத் தூய்மை செய்து மண்ணில் மறையும் ஓர் உயிர் தன் பெயரைத் தானே சொல்லமாட்டாது. காடு வெட்டப்பட்டு, மேய்ச்சல் நிலம் சுருங்கி, அது மறைந்துபோனால் மறைந்ததென்று சொல்லவும் ஆளிராது. ஏனெனில், இருந்ததென்று எழுதியவர் எவருமில்லை. உன்னிச்சையில் ஒரு மாரி இரவில் விளக்கடியில் விழும் சிறு வண்டைக் கூட்டித் தள்ளுமுன் ஒருவர் குனிந்து நோக்கி, அதன் வாயையும் கொம்பையும் கண்டு, நாளும் ஊரும் குறித்து வைப்பாராயின், அந்த ஒரு சீட்டு உலகின் அறிவோடு சேரும்.